கம்ப்யூட்டரில் கார் பந்தயம்: போட்டி நடப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் பிரிவு)



ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் நடக்கும் கார் பந்தயம் பற்றி என்றேன். "கேம் ஆடறதுக்குக் கூடவாடா கட்டுரை?" என்று ஒரே சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் கேம் ஆடுகிறவர்கள் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்து வைக்கிறேன்!

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண கேமில் சுவரில் மோதினால் வண்டி துள்ளிக் குதித்து மறுபடி ஓடும். நான் சொல்வது சிமுலேட்டர். இதில் மோதினால் சஸ்பென்ஷன் வளையும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், அதோடு அன்றைய பந்தயம் முடிந்தது. டயர் சூடாவது, தேய்வது, பெட்ரோல் குறையக் குறைய வண்டியின் எடை குறைவது எல்லாமே கணக்கில் வரும். அமெரிக்காவில் 2008-ல் வெளிவந்த ஐரேசிங் என்ற சிமுலேட்டர் வண்டியின் இயக்கத்தை விநாடிக்கு 360 தடவை கணக்குப் போடுகிறது. உண்மையான ரேஸ் ட்ராக்குகளை லேசர் கருவியால் அளந்து, தரையில் உள்ள மேடு பள்ளம் வரை அப்படியே உள்ளே வைத்திருக்கிறார்கள். நாம் தியரி ஆஃப் மெஷின்ஸில் படிக்கிற விஷயம் எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. பரீட்சையில்தான் நமக்கு ஓடமாட்டேன் என்கிறது.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு உள்ளே. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். லீவுக்குப் போனபோது இந்த ரேஸ் பற்றிச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "காசு வெச்சு ஆடறதா?" என்பதுதான். ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி மலை மேல் இருக்கிறவர்களுக்கும் தெரியும். அப்பா கேட்டதில் தப்பே இல்லை. அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். பணம் கட்டி, ஜெயித்தால் பணம் என்று ஆடுவது வேறு, இது வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்துக்குத் தடை, திறமையைச் சோதிக்கும் மின் விளையாட்டுப் போட்டிக்கு அங்கீகாரம்.

சரி, போட்டி எப்படி நடக்கிறது?

எடுத்ததும் யாரும் பெரிய காரில் உட்கார்ந்துவிட முடியாது. முதலில் லைசென்ஸ். நாம் எல்.எல்.ஆர். வாங்கி, எட்டு போட்டு, பிறகு லைசென்ஸ் வாங்குவது போலத்தான். ஐரேசிங்கில் புதியவர் எல்லோருக்கும் ‘ரூக்கி’ என்ற சிவப்பு லைசென்ஸ். அதற்கு மேல் டி, சி, பி, ஏ என்று படிகள். ரூக்கிக்குக் கிடைப்பது மஸ்டா எம்.எக்ஸ்-5 மாதிரி சின்ன வண்டி. எல்லோருக்கும் ஒரே வண்டி, பல போட்டிகளில் ஸ்பிரிங், டயர் காற்று வரை ஒரே அமைப்பு. பணக்கார வீட்டுப் பையன் நல்ல எஞ்சின் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது.

படி ஏறுவது எப்படி என்பதுதான் சுவாரசியம். ஜெயித்தால் ஏறலாம் என்று நான் நினைத்தேன். அது இல்லை! மோதாமல் ஓட்டினால்தான் ஏறலாம். ‘சேஃப்டி ரேட்டிங்’ என்று ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். ட்ராக்கை விட்டுச் சக்கரம் வெளியே போனால் 1 புள்ளி. வண்டி கட்டுப்பாடு இழந்து சுற்றினால் 2 புள்ளி. இன்னொரு காரைப் பலமாக இடித்தால் 4 புள்ளி. இவை எல்லாம் வாங்கக் கூடாத புள்ளிகள். சாதாரணப் போட்டிகளில் இது 17-ஐத் தொட்டால் பந்தயத்திலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

கணக்கு இப்படி: எத்தனை வளைவு கடந்தால் ஒரு புள்ளி வாங்குகிறாய் என்று பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு நம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கை எடுத்துக்கொள்வோம். 1990-ல் திறந்தது, 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. அந்த மாதிரி ட்ராக்கில் 10 சுற்று ஓடினால் 120 வளைவு. அதில் ஒருத்தரை ஒரே ஒரு தடவை பலமாக இடித்து 4 புள்ளி வாங்கினால் 30 வளைவுக்கு ஒன்று என்று கணக்கு. இடிக்காமல், ஒரே ஒரு தடவை வெளியே போய் 1 புள்ளியோடு வந்தவருக்கு 120 வளைவுக்கு ஒன்று. முதலாவதாக வந்தவரின் லைசென்ஸ் இறங்கி, பத்தாவதாக வந்தவருடையது ஏறுவது அங்கே சர்வ சாதாரணம்.

இதில் எல்லோரும் சண்டை போடுகிற ஒரு விதி இருக்கிறது. இரண்டு கார் இடித்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் 4 புள்ளி. யார் மேல் தப்பு என்று கம்ப்யூட்டர் கேட்பதே இல்லை. "நான் சும்மாதான் போயிட்டிருந்தேன், பின்னாடி வந்து அவன் இடிச்சான், எனக்கு ஏன் புள்ளி?" இது நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அந்த விதி பிடித்திருக்கிறது. எங்கள் மாமா போளூர் பாதையில் மினி லாரி ஓட்டுகிறவர். கொண்டை ஊசி வளைவில் எதிரில் வருகிறவன் தப்புப் பண்ணுவான் என்று நினைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்பார். பள்ளத்தில் விழுந்த பிறகு தப்பு யாருடையது என்று தெரிந்து என்ன செய்ய? அடுத்தவன் தப்பையும் சேர்த்து ஓட்டப் பழகினவனுக்குத்தான் பெரிய வண்டி என்பது சரியான ஏற்பாடுதான். வேண்டுமென்றே இடிக்கிற ரவுடிகளுக்கு வேறு வழி இருக்கிறது. அந்தப் பந்தயத்தின் ரீப்ளேயை அனுப்பிப் புகார் செய்யலாம். ஆட்கள் உட்கார்ந்து பார்த்து, எச்சரிக்கையோ தடையோ கொடுப்பார்கள்.

லைசென்ஸ் ஒழுக்கத்துக்கு என்றால், வேகத்துக்குத் தனியாக இன்னொரு எண் உண்டு. அதன் பெயர் ஐரேட்டிங். செஸ் ஆடுகிறவர்களுக்கு எலோ ரேட்டிங் என்றால் புரியும். நம் குகேஷ் போன்றவர்களின் பெயருக்குப் பக்கத்தில் வருமே, அதே தத்துவம். நம்மை விடப் பெரிய எண் உள்ளவரை முந்தினால் நிறைய ஏறும், சின்ன எண் உள்ளவரிடம் தோற்றால் நிறைய இறங்கும். ஒருவர் பெற்றது இன்னொருவர் இழந்தது.

இந்த எண்ணை வைத்துத்தான் ஆட்களைப் பிரிக்கிறார்கள். ஒரு போட்டிக்கு நூறு பேர் பெயர் கொடுத்தால் நூறு காரையும் ஒரே ட்ராக்கில் விடுவதில்லை. ரேட்டிங் வரிசையில் நிறுத்தி, மேலே இருக்கிற இருபது இருபத்தைந்து பேர் ஒரு பந்தயம், அடுத்த இருபத்தைந்து பேர் இன்னொரு பந்தயம் என்று வெட்டுவார்கள். இதற்கு ‘ஸ்ப்ளிட்’ என்று பெயர். நம் பள்ளிக்கூடத்தில் ஏ செக்ஷன், பி செக்ஷன் என்று பிரித்தபோது யார் பையன் என்று பார்த்த இடமும் உண்டு. இங்கே ரேட்டிங் போடுகிற கம்ப்யூட்டருக்கு என் அப்பா பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. நான் எப்படி ஓட்டினேன் என்பது மட்டும்தான் தெரியும். எனக்கு இந்த விளையாட்டில் முதலில் பிடித்துப்போனது இதுதான்.

பந்தய நாளின் வரிசை நிஜ ரேஸைப் போலவே. கொஞ்ச நேரம் பிராக்டிஸ். பிறகு குவாலிஃபையிங், அதாவது தனியாக ஓட்டிக் காட்டுவது. அதில் யார் நேரம் குறைவோ அவர் முன் வரிசையில் நிற்பார். பிறகு பச்சை விளக்கு. ஒரு சீஸனுக்கு 12 வாரம், வாரத்துக்கு ஒரு ட்ராக். 12 வாரத்தில் நன்றாக ஓட்டிய 8 வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். செமஸ்டர் பரீட்சையும் ஊர்த் திருவிழாவும் வந்தால் நாலு வாரம் போனாலும் பரவாயில்லை என்று அர்த்தம். நம் இன்டர்னல் மார்க்குக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

24 மணி நேரப் பந்தயங்களும் உண்டு. அதை ஒருத்தர் ஓட்ட முடியாது, குழுவாக மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். நாலு பேர் குழு என்றால் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 6 மணி நேரம் வரும். ஒருத்தர் அந்தப் பங்கில் கால்பங்காவது, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கு உரிய சுற்றுகளையாவது, ஓட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அவர் பெயர் முடிவில் வராது. கெட்டிக்காரன் ஒருத்தனை ஓட்ட விட்டு மற்றவர்கள் பெயர் வாங்குவதைத் தடுக்கத்தான் இந்த விதி. நம் புராஜக்ட் பேட்சுகளை நினைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை என்று நம்புங்கள்.

இதில் எனக்கு நேரடி அனுபவம் எப்படி என்று கேட்பீர்கள். ஐரேசிங்குக்கு மாதச் சந்தா உண்டு. அடிப்படை வண்டிகளைத் தாண்டினால் கார் ஒன்று ஏறக்குறைய 12 டாலர், நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஸ்டியரிங், பெடல், நல்ல கம்ப்யூட்டர் எல்லாம் தனி. ஹாஸ்டலில் சீனியர் அண்ணன் ஒருவர் பழைய ஸ்டியரிங் ஒன்றை வாங்கி மேஜையில் முடுக்கி வைத்திருக்கிறார். அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இடது பக்கம் கார் இருக்கு அண்ணா... போயிட்டான்... ஃப்ரீ" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நிஜ ரேஸிலும் இப்படிச் சொல்கிறவருக்கு ‘ஸ்பாட்டர்’ என்று பெயர். அந்த வேலையை நான் நன்றாகவே செய்கிறேன் என்று அண்ணனே சொல்லியிருக்கிறார்.

இப்போது எல்லோரும் சமம் என்று மேலே சொன்னேனே, அதில் உள்ள ஓட்டைக்கு வருகிறேன். வண்டி சமம், விதி சமம். ஒயர் சமம் இல்லை.

ஒவ்வொரு ஓட்டுநரின் கம்ப்யூட்டரும் அவரவர் வண்டியை மட்டும்தான் சரியாகக் கணக்கிடும். தன் வண்டி இருக்கிற இடத்தைச் சர்வருக்குச் சொல்லும், சர்வர் மற்ற எல்லோருக்கும் சொல்லும். செய்தி போய் வர நேரம் ஆகும் அல்லவா? ஃபைபர் கேபிளில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் ஜெர்மனியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 7500 கிலோமீட்டர், போய் வர 15,000. ஒளிக்கே 75 மில்லி விநாடி வேண்டும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் எத்தனையோ ரௌட்டர், ஆகவே இரண்டு மடங்கு, 150 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் அந்த நேரத்தில் 8 மீட்டருக்கு மேல் போய்விடும். எம்.எக்ஸ்-5 காரின் நீளம் 4 மீட்டர்கூட இல்லை. அதாவது இரண்டு கார் நீளம்!

எங்கள் மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. அதில் தெரிகிற நட்சத்திரம் இப்போது இருக்கிற நட்சத்திரம் அல்ல, ஒளி அங்கிருந்து கிளம்பிய காலத்தில் இருந்தது என்று நாம் படித்திருக்கிறோம். ரேஸ் திரையில் பக்கத்துக் கார் பற்றி வருகிற செய்தியும் அப்படித்தான், கொஞ்சம் பழையது. அந்தப் பழைய செய்தியை வைத்து, இந்த வேகத்தில் இந்தத் திசையில் போனவன் இந்நேரம் இங்கே இருப்பான் என்று கம்ப்யூட்டர் ஊகித்துப் படம் போடுகிறது. மலைப் பாதையில் வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டதும் வண்டி எங்கே வரும் என்று டிரைவர் ஊகிக்கிறாரே, அதே வேலை. பெரும்பாலும் ஊகம் சரியாக இருக்கும். பிரேக் போடுகிற இடத்தில்தான் தப்பும். என் திரையில் அவன் என்னைத் தொடவில்லை, அவன் திரையில் நாங்கள் இடித்துக்கொண்டோம் என்று ஆகும். புள்ளி மட்டும் வந்து சேரும்.

அதற்கும் மேலே, இணைப்பு அறுந்தால் பந்தயத்தை விட்டு ஓடியவனாகவே கணக்கு. ரேட்டிங் இறங்கும். அண்ணன் ஒரு தடவை மூன்றாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தபோது செல்போன் ஹாட்ஸ்பாட் நின்றுவிட்டது. மறுபடி இணைந்தபோது பந்தயம் முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். ஐரேட்டிங்கில் இறங்கியதை ஏற்ற அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. எங்கள் ஊரிலோ போன் பேசவே ஏரிக்கரைப் பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். அங்கே பிறந்த ஒரு பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ரூக்கி லைசென்ஸைத் தாண்ட மாட்டான். அவன் அப்பா பெயர் கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவன் ஊர் அவனுடைய ஒயரில் தெரிந்துவிடுகிறது.

இது ஏழைக்கு மட்டும் நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில், 2020 ஜூனில், லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைக் கம்ப்யூட்டரில் நடத்தினார்கள். 50 கார், நிஜ ஃபார்முலா ஒன் வீரர்களும் சிமுலேட்டர் வீரர்களும் ஒரே குழுவில். 2023 ஜனவரியில் நடந்த அதே பந்தயத்தில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தது மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் அணி. உலகச் சாம்பியன்! இணைப்பு அறுந்தது, அத்தனை மணி நேர உழைப்பும் போனது. அவர் கோபத்தோடு பந்தயத்தை விட்டே வெளியேறினார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

இதிலிருந்து நிஜக் காருக்குப் போனவர்கள் உண்டா? உண்டு. நிஸான் கம்பெனியும் கிரான் டூரிஸ்மோவும் சேர்ந்து 2008 முதல் 2016 வரை ஜி.டி. அகாடமி என்ற தேர்வை நடத்தின. 2011-ல் அதில் வென்ற ஜான் மார்டன்பரோ என்ற பையன், 2013-ல் நிஜமான லெ மான் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தார். கிரான் டூரிஸ்மோவில் 2018-ல் உலகப் பட்டம் வென்ற பிரேசில்காரர் இகோர் ஃப்ராகா நிஜக் காரிலும் பட்டம் வாங்கினார். அமெரிக்காவின் வில்லியம் பைரன் ஐரேசிங்கில் பழகி, 2024, 2025 இரண்டு வருடமும் டேடோனா 500 ஜெயித்தார். நம் பக்கம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார், சென்னை கருண் சந்தோக் 2010-ல். இவர்கள் இருவரும் வந்தது மோட்டார் ரேஸ் ஊறிய குடும்பங்களிலிருந்து. சின்ன வயதில் நிஜ ட்ராக்கில் வண்டி ஓட்ட எவ்வளவு செலவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் செலவில் ஒரு பங்கைக் குறைப்பது சிமுலேட்டர். அதற்காக நாளைக்கே நாமும் ஃபார்முலா ஒன் என்று கிளம்பிவிட வேண்டாம், அரியரை முதலில் முடிப்போம். மார்டன்பரோ ஒருவர் போனார் என்றால் அவரோடு பெயர் கொடுத்த பல்லாயிரம் பேர் வீட்டுக்குப் போனார்கள்.

நாம் என்ன செய்யலாம் என்பதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. மாணவர் பேரவை தயவு செய்து கவனிக்க வேண்டும்.

லைவ் ஃபார் ஸ்பீட் என்று ஒரு சிமுலேட்டர் உண்டு. மூன்றே பேர் சேர்ந்து செய்து 2002-ல் வெளியிட்டது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். அதன் டெமோ இலவசம். மூன்று கார், பிளாக்வுட் என்ற ட்ராக், அவ்வளவுதான். போட்டி நடத்த அது போதும். ஸ்டியரிங் இல்லாதவர்கள் மவுஸாலேயே ஓட்டலாம், நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். முக்கியமாக இது லேனில் ஓடும். நம் கம்ப்யூட்டர் லேபில் எல்லாச் சிஸ்டமும் ஒரே ஸ்விட்சில் இணைந்திருக்கின்றன. செய்தி ஜெர்மனிக்குப் போக வேண்டாம், அடுத்த மேஜைக்குப் போனால் போதும். நேரம் ஒரு மில்லி விநாடி அளவுதான். ஹாட்ஸ்பாட்டும் வேண்டாம், ரீசார்ஜும் வேண்டாம். லேபுக்குள் வந்துவிட்டால் ஒயரும் எல்லோருக்கும் சமம்.

விதிகளை ஐரேசிங்கிலிருந்து கடன் வாங்கலாம். எல்லோருக்கும் எக்ஸ்.எஃப். ஜி.டி.ஐ. என்ற ஒரே கார். ஸ்டியரிங் வைத்திருப்பவர்களுக்கும் அன்று மவுஸ்தான் (அண்ணன் மன்னிக்கவும்!). முதல் நாள் தனித்தனியாக ஓட்டி நேரம் எடுத்து, அந்த வரிசையில் எட்டு எட்டுப் பேராக ஸ்ப்ளிட் பிரிக்க வேண்டும். இடித்தால் இரண்டு பேருக்கும் 4 புள்ளி, 17 வந்தால் வெளியே. இதை எண்ணுவதற்கு ரீப்ளே பார்க்க ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு ஸ்டூவர்ட் வேண்டும். தன் துறைப் பந்தயத்துக்கு அவர் ஸ்டூவர்டாக இருக்கக் கூடாது. கோப்பை இரண்டு வைக்கலாம், ஒன்று முதலில் வந்தவருக்கு, இன்னொன்று குறைந்த புள்ளியோடு முடித்தவருக்கு. மாணவியருக்கும் இதே பட்டியல்தான், தனிப் பட்டியல் தேவையில்லை. மவுஸ் பிடிக்கிற கையில் ஆண் என்ன, பெண் என்ன?

லேப் இன்சார்ஜ் ஐயாவிடம் நான் வாய்மொழியாகக் கேட்டுவிட்டேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் என்றால் பார்க்கலாம் என்றார், லேபுக்குள் செருப்பும் தின்பண்டமும் கூடாது என்றார். பேரவையின் கடிதம் ஒன்று வேண்டுமாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பில் என்னைப் பார்க்கலாம். இதுவரை பதினோரு பேர் கொடுத்திருக்கிறார்கள். அதில் நாலு பேர் கம்ப்யூட்டரில் ஒரு காரைக்கூட ஓட்டிப் பார்க்காதவர்கள். அவர்களுக்காகப் போட்டிக்கு முந்தின இரண்டு வாரமும் மாலையில் பிராக்டிஸ் உண்டு, பிளாக்வுட் வளைவுகளை நானே சொல்லித் தருகிறேன்.